தலை முங்கப்பிடாது

தேவாரம்
12-10-1978

அன்புள்ள மாமாவுக்கு,

முத்துப்பேச்சி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அத்தையும் நலம். நலம் என்று எழுதாவிட்டால் கடிதம் ஆகாது என்பதற்காக எழுதியிருக்கிறேன். மற்றபடி உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். லீவு முடிந்து நீங்கள் பெங்களூர் போனதிலிருந்து போட்ட கடிதம் எதற்கும் நான் பதில் போடவில்லை. இப்போதும் போட்டிருக்க மாட்டேன், போட்டே தீரவேண்டிய காரியம் ஒன்று வந்துவிட்டது.

நான் முழுகாமல் இருக்கிறேன். போடி டாக்டரம்மா பார்த்துவிட்டு இரண்டு மாதம் என்று சொன்னார்கள்.

அத்தையும் நானும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். "இந்தத் தடவை அவன் கால் நகங்கூட உப்புத்தண்ணியில படப்பிடாது. எழுதுத்தா அவனுக்கு. இப்பமே எழுது." பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் குளிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பட்டாளத்தில் முடி வெட்டாமல் விடுவார்களா அத்தை என்று கேட்டேன். அதற்கு உங்கள் ஆத்தா சொன்ன நியாயம்: "அது சர்க்கார் உத்தரவு. வெட்டுனா சர்க்காருக்குப் பாவம். கடல்ல முங்குனா இவனுக்குல்ல பாவம்?"

போன வருடம் நம் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனபோது நீங்கள் பம்பாய்க் கடலில் படகுப் பயிற்சியில் இருந்தீர்கள். அதனால்தான் போனது என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் போன தடவை எதையும் நம்பாமல் இருந்து பார்த்துவிட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் நம்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

கடல் பக்கம் போகாதீர்கள் மாமா.

முத்துப்பேச்சி


பெங்களூர்
19-10-1978

அன்புப் பேச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு கேண்டீனுக்கு ஓடிப்போய் பாரக்கில் தங்கியிருக்கிற எல்லாருக்கும் ஜிலேபி வாங்கினேன். கடமலைக்குண்டுக்காரன் பேச்சிமுத்து இருக்கிறானே, அவன் கேட்டான், "என்னலே, பிரமோசனா?" ஆமாலே, பெரிய பிரமோசன் என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தூக்கிச் சுற்றினான்.

நீ கோபமாக எழுதினாலும் சரி, திட்டி எழுதினாலும் சரி, எழுதினாயே, அது போதும். நன்றாகச் சாப்பிடு. தண்ணீர்க் குடம் தூக்காதே. ஆத்தா திட்டினால் என் பெயரைச் சொல்.

ஒரு சமாசாரம். ஜனவரி மாதம் சென்னைக் கடலில் எங்கள் வகைப் பாய்மரப் படகுக்கு உலகப் போட்டி நடக்கிறது. எங்கெங்கிருந்தோ வெள்ளைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். எங்கள் படகையும் எடுத்திருக்கிறார்கள். எங்கள் அதிகாரி ஆதித்தன் சார் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார். நான் முன்னால். சின்னப் பாயை இழுத்துக் கட்ட வேண்டும், படகு சாயும்போது உடம்பை வெளியே தொங்கவிட்டு அதை நிமிர்த்த வேண்டும். இன்ஜின் கிடையாது, துடுப்பு கிடையாது, காற்று மட்டும்தான். இதில் விசேஷம் என்னவென்றால் எல்லாப் படகும் ஒரே அச்சு. நீளம், எடை, பாயின் அளவு எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க விடுவார்கள். தோற்றால் படகு மேல் பழி போட முடியாது. ஜெயித்தாலும் அப்படித்தான், ஜெயிப்பு முழுவதும் அந்த இரண்டு ஆளுக்கு.

இதையெல்லாம் எழுதக் காரணம், நான் போகப்போவதில்லை. திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடுவேன். வேறு ஆள் போட்டுக்கொள்வார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. படகுதானே.

உன்
சுருளியாண்டி


தேவாரம்
27-10-1978

அன்புள்ள மாமாவுக்கு,

"படகுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைப் படித்துப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. லீவில் வந்திருந்தபோது கொடியில் காயப்போட்ட என் சேலை காற்றில் உப்பி நின்றதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, சோறு ஆறுகிறது என்று நான் கூப்பிட்டது காதிலேயே விழவில்லையே, அந்த ஆளா படகுதானே என்கிறது? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்ற பாரம் எனக்கு வேண்டாம். இன்றைக்கு விட்டுவிடுவீர்கள். நாளைக்கு நாற்பது வயதில் ரேடியோவில் ஏதாவது ஊரில் படகுப் போட்டி என்று சொன்னால் எழுந்து வெளியே போவீர்கள். நானும் பிள்ளையும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டவே வேண்டாம்.

ஆகையால் அத்தையிடமே கேட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். "மீன்பிடிக்கிறவுக பொண்டாட்டியெல்லாம் பிள்ளை பெறலையா அத்தை?" என்றேன்.

"அவுகளுக்குக் கடல் தாயி. நம்ம மலையடிவாரத்து ஆளுக. நம்மள அதுக்குத் தெரியுமா?"

"சரி, முங்காமப் போனா? படகுலயே உக்காந்துக்கிட்டு?"

அரைச் சொளகு மொச்சையை உரித்துத் தள்ளினார்கள். பிறகு, "படகுல போறது குளிக்கிறதாகாது" என்றார்கள்.

"தண்ணி மேல தெறிக்குமே."

"கோயில்ல தீர்த்தம் தெளிக்கிறாக. அதுக்காகக் குளிச்சேன்னு சொல்லுவியா? தலை முங்கப்பிடாது. அம்புட்டுத்தான்."

கேட்டுக்கொண்டீர்களா? தலை முங்கக்கூடாது. இதற்குமேல் உங்கள் ஆத்தாவிடமிருந்து எந்த வக்கீலாலும் ஒரு வார்த்தை கூடுதலாக வாங்க முடியாது. போய்ச் சாரிடம் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கோபம் பிள்ளைக்கும் போய்ச் சேரும். எனக்குக் கடல் மேல் கோபம் இல்லை மாமா. போன வருடம் பிள்ளை போன சேதி கேட்டுப் பம்பாயிலிருந்து வந்தீர்கள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, லீவு முடிந்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அது எனக்கு மட்டும் போன பிள்ளையா? அதுதான் என் கோபம். வேறொன்றும் இல்லை.

முத்துப்பேச்சி


பெங்களூர்
5-11-1978

அன்புப் பேச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் சாரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவன் பெயரை எழுதிக்கூட வைத்துவிட்டார். கடிதத்தைப் படித்த கையோடு பூட்ஸைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடினேன். "வருகிறேன் சார், ஆனால் ஒரு நிபந்தனை. படகு கவிழக்கூடாது" என்றேன். சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். போன பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டார். "சரி, சுருளி. உன் தலையை நனைக்காமல் கொண்டுவந்து கரையில் விடுவது என் பொறுப்பு" என்று கை கொடுத்தார். பட்டாளத்தில் ஓர் அதிகாரி எனக்குக் கொடுத்த முதல் வாக்கு இது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாயால் சொல்லவும் எனக்கு வராது.

அன்றைக்கு நான் வந்து இறங்கியதும் ஆத்தா என்னை வாசலிலேயே மறித்தாள். "நீ அவ முன்னாடி அழுதுறாத. நீ அழுதா அவ உடைஞ்சு போயிருவா" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும், அதனால் பார்க்கவில்லை. பேசினால் குரல் போய்விடும், அதனால் பேசவில்லை. மதுரையில் ரயில் ஏறியதும் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்து உள்ளே யார், டிக்கெட் இல்லாத ஆளா என்று கதவை இடித்தார். திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டே கேட்காமல் போய்விட்டார்.

உன்னோடு சேர்ந்து அழுதிருக்க வேண்டும். அது இப்போது தெரிகிறது.

உன்
சுருளியாண்டி


தேவாரம்
9-1-1979

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிற பேச்சிமுத்து அண்ணன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு புட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். புட்டியில் இருப்பது விளக்கெண்ணெய். அத்தை தன் கையாலேயே ஆமணக்கு இடித்துக் காய்ச்சியது. தினமும் படகு ஏறுமுன் உச்சியில் குளிர வைத்துத் தேய்க்க வேண்டுமாம். "தப்பித்தவறி மேல தண்ணி விழுந்தாலும் எண்ணெய் இருந்தா உப்பு உச்சிக்குள்ள எறங்காது" என்கிறார்கள். சிரிக்காதீர்கள். தேய்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதமாக எத்தனையோ கடிதம் போட்டுவிட்டோம், ஆனால் அந்த ரயில் சமாசாரத்துக்கு நான் பதிலே எழுதவில்லை. அதைப் படித்த அன்று அழுதேன். பிறகு அத்தையிடம் கேட்டேன். அவர்களும் அந்த நாட்களில் மாட்டுக்கொட்டத்துக்குள் போய் அழுதார்களாம். மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதிருக்கிறோம். என்ன வீடு மாமா இது!

இப்போது ஐந்தாம் மாதம். பயமாக இருக்கிறது. முதல் பிள்ளை இதே சமயத்தில் அசைந்துகொண்டிருந்து, பிறகு ஒரு நாள் நின்றுபோனது. இந்தப் பிள்ளை இன்னும் அசையவே இல்லை. போடி ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து நர்ஸ் இருக்கிறார்கள். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லா உண்டு மோளே, பேடிக்கண்டா. சில குஞ்ஞு மடி பிடிக்கும்" என்றார்கள். பயப்பட வேண்டாம், சோம்பேறிப் பிள்ளையாம். உங்கள் பக்கத்து வழிதான்.

நீங்கள் ஜெயிக்க வேண்டும். தலையும் முங்கக்கூடாது. இரண்டும் வேண்டும் எனக்கு, பேராசைதான்.

முத்துப்பேச்சி


சென்னை
25-1-1979

அன்புப் பேச்சிக்கு,

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? ஆத்தா சொன்னபடி புட்டியில் கால்வாசியை உச்சியில் கவிழ்த்துக்கொண்டு படகு ஏறினேன். வெயில் ஏறியது. எண்ணெய் உருகி நெற்றி, காது, கழுத்து என்று இறங்கியது. கையால் துடைத்தேன். அதே கையோடு பாய்க்கயிற்றைப் பிடித்தேன். முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கயிறு சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பாய் படபட என்று அடிக்கிறது, சார் "பிடி, பிடி" என்று கத்துகிறார், நான் மீனைப் பிடிக்கிற மாதிரி அந்தக் கயிற்றைப் பிடிக்கிறேன். அதற்குள் பின்னால் வந்த படகெல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு நாங்கள் கடைசிக்கு முந்தி. உலகப் போட்டியில் விளக்கெண்ணெயால் தோற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாருக்குக் கோபம் வந்தது. ஆனால் எண்ணெயை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தலையில் தானே இறுக்கிக் கட்டிவிட்டார். "எண்ணெய் உள்ளே இருக்கட்டும். உன் கை எனக்கு வேண்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நன்றாகப் போகிறது. காற்று பலமாக அடிக்கிற நாளில் மற்றவர்கள் துணிந்து பாயை முழுக்க இழுக்கிறார்கள், கவிழ்கிறார்கள், நிமிர்த்தி ஏறுகிறார்கள், அதில் நேரம் போகிறது. நாங்கள் கவிழக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு திருப்பத்தையும் பார்த்துப் பார்த்துத் திரும்புகிறோம். இப்படியே ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டோம். கடைசிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதில் முதலாவதாக வந்தால் மொத்தத்தில் மூன்றாம் இடம், கோப்பை உண்டு. என் தலை இதுவரை முங்கவில்லை. ஆத்தாவிடம் சொல்.

அசைந்ததா? ஒரு வரி போடு.

உன்
சுருளியாண்டி


சென்னை
28-1-1979, ஞாயிறு

பேச்சி,

உன் கடிதம் எதுவும் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தலை முங்கிவிட்டது.

படகு கவிழவில்லை. சார் வாக்குத் தவறவில்லை. நானாகத்தான் குதித்தேன்.

இன்றைக்குக் காற்று ஆடிக்காற்றாக அடித்தது. நாங்கள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் டென்மார்க் தேசத்துப் படகு. கடைசி மிதவைக்கு அருகில் அது கவிழ்ந்தது. சார் "போச்சு அவர்கள், நாம்தான் முதல்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தாண்டும்போது பார்த்தேன். தண்ணீருக்கு மேல் ஒரு தலைதான் இருக்கிறது. இன்னொருவனைக் காணோம். மேலே இருந்தவன் படகைக் கையால் அடித்து அடித்துக் கத்துகிறான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் புரிந்தது. உதவிப் படகு தூரத்தில் இருந்தது.

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை பேச்சி. என் நிபந்தனை அவருக்குத் தெரியும், அதனால் சொல்ல முடியவில்லை. படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். அதோடு எங்கள் பந்தயம் முடிந்தது. அவர் சுக்கானை விட்டால் எங்கள் படகும் போய்விடும், நான்தான் இறங்க வேண்டும்.

நம் பிள்ளையை நினைத்தேன். சாமி சத்தியமாக நினைத்தேன். மிதக்கிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அடியில் முங்க முடியாது, கழற்றி எறிந்தேன். குதித்துவிட்டேன்.

நம் லோயர் கேம்ப் ஆற்றுத் தண்ணீரில் நீந்திப் பழகிய உடம்பு, அது தன் வேலையைச் செய்தது. பாய்க்கு அடியில் அந்தப் பையன் கிடந்தான். கயிறு காலில் சுற்றியிருந்தது. முதல் தடவை அவிழ்க்க முடியவில்லை. மேலே வந்து மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவிழ்ந்தது. அவனை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. உதவிப் படகுக்காரர்கள் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். பத்தொன்பது வயதுப் பையன்.

போட்டிக் கமிட்டி கூடிப் பேசி எங்களுக்கு ஏதோ புள்ளிகள் கொடுத்தது. மொத்தத்தில் நாலாம் இடம். கோப்பை மூன்று பேருக்குத்தான்.

அது போகட்டும். இங்கே எல்லாரும் என் முதுகில் தட்டுகிறார்கள், எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன்? யாரோ பெற்ற பிள்ளைக்காக என் பிள்ளையைக் கொடுத்துவிட்டேனா? தலையில் எண்ணெய் நிறைய இருந்தது பேச்சி. துண்டும் கட்டியிருந்தேன். உப்பு இறங்கியிருக்காது, இல்லையா? ஆத்தாவிடம் கேள்.

ஒரே ஒரு வரி எழுது. எதுவானாலும் எழுது. இந்தத் தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சுருளியாண்டி


தேவாரம்
1-2-1979

என் மாமாவுக்கு,

முதலில் ஒரு வரி: பிள்ளை நன்றாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டுப் போய் முதலில் சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

சாப்பிட்டீர்களா? இப்போது கேளுங்கள். போன வியாழக்கிழமை எனக்கு அடிவயிற்றில் வலி வந்தது. அத்தை என்னை ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தந்தி கொடுத்திருந்தால் படகை விட்டு இறங்கியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். ஆகையால் என்னைக் கேட்காமல் நீங்கள் குதித்ததும், உங்களைக் கேட்காமல் நான் படுத்துக் கிடந்ததும் சரிக்குச் சரி.

வலி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் சோம்பேறிப் பிள்ளை அசைந்தது. டம்ளர் கையை விட்டு விழுந்துவிட்டது. அத்தை என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஏத்தா! ஏத்தா!" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே முட்டல். இந்தக் கடிதம் எழுதும்போதும் முட்டுகிறது.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. வழக்கம்போல அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். குதித்த இடம் வந்ததும் அதை விட்டுவிட்டு "உங்க மகன் நாலாம் இடம் அத்தை" என்று தாவினேன். உங்கள் ஆத்தாவை ஏமாற்ற முடியுமா? "கண்ணு கீழ போயிருச்சே. நடுவுல என்னத்த விட்ட? வாசி" என்றார்கள். ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

முடித்து நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தைதான் கேட்டார்கள்.

"அந்தப் பயலுக்கு ஆத்தா இருக்காளாமா?"

"இருப்பாக அத்தை."

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா, பிள்ளை பொழச்சது?"

"இந்நேரம் தந்தி போயிருக்கும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து வந்து என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் பிள்ளையிடம் சொன்னார்கள்: "கடல் நம்ம வீட்டுல ஒண்ணை எடுத்துருச்சு. உங்கப்பன் அதுக்கிட்ட இருந்து ஒண்ணை எடுத்துட்டான். இனி அதுக்கும் நமக்கும் பகை இல்லத்தா."

அதைக் கேட்டு நான் அழுதேன். அத்தையும் அழுதார்கள். இந்தத் தடவை ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதோம். நீங்கள்தான் பாக்கி.

சீக்கிரம் வாருங்கள். ஆதித்தன் சாருக்கு அத்தை மொச்சை எடுத்து வைத்திருக்கிறார்கள், போகும்போது கொண்டுபோகலாம். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் எங்கள் மூன்று பேரையும் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்ட வேண்டும். அத்தை இன்னும் கடலையே பார்த்ததில்லையாம்.

அந்தப் புட்டியில் எண்ணெய் மிச்சம் இருந்தால் வீணாக்காமல் எடுத்து வாருங்கள். பிள்ளை உச்சிக்கு வேண்டும்.

உங்கள்
பேச்சி